தாயை விட்டுச் செல்லலாமா?

மாட்டுத்தாவணியில் பேருந்து நிலையம் எழுவதற்கு முன்னர், மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் செல்வோர் பழங்காநத்தத்தில் பேருந்து ஏறிய காலம் ஒன்று உண்டு. அந்நாளில் அங்கு நின்றவர்கள் ஒரு காட்சியை அடிக்கடி கண்டிருப்பர். தகரப் பெட்டியோடு மகன் ஏறி அமர்வான். சன்னலுக்கு வெளியே நிற்கும் தாய், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து அவன் கையில் திணிப்பாள். வண்டி கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றுவிட்டு வீடு திரும்புவாள். இன்று பெட்டிக்குச் சக்கரம் முளைத்துவிட்டது; விடைபெறும் இடமும் விமான நிலையமாக மாறிவிட்டது. ஆனால் புறப்பாட்டிற்கு முந்திய வாரங்களில் வீட்டினுள் நிகழும் வாக்குவாதம் மட்டும் மாறவேயில்லை. தந்தையற்ற குடும்பத்தில் ஒரே மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது; அல்லது மகள் கன்னியர் மடத்தில் சேர விரும்புகிறாள்; அல்லது மகன் குருமடத்தை நாடுகிறான். தாயை விட்டுச் செல்லலாமா? அறம் எது? யாரிடம் கேட்பது?

இதே கேள்வியை ஓர் இளைஞர் தம் ஆசிரியரிடம் கேட்டார். கேட்ட இடம் பிரான்சு நாடு. கேட்ட காலம் இரண்டாம் உலகப் போர்க்காலம். கேட்கப்பட்டவர் ழான் பால் சார்த்தர். கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன சிந்தனையாளர் ஒருவரைக் குடும்ப ஏட்டின் பக்கங்களுக்குள் ஏன் அழைத்து வருகிறோம் என வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அவர் விடையை ஏற்பது வேறு. அவர் கேள்வியைக் கேட்பது வேறு. கேள்வி நம் வீட்டுக் கேள்வியாக இருப்பதால் சிறிது நேரம் செவிகொடுப்போம்.

அவ்விளைஞரின் நிலை இது. தந்தை தாயோடு பிணங்கியிருந்தார். நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியரோடு ஒத்துப்போகும் மனமும் அவருக்கு இருந்தது. மூத்த மகன் 1940ஆம் ஆண்டின் ஜெர்மானியத் தாக்குதலில் மாண்டுபோனான். கணவனின் போக்காலும் மகனின் மரணத்தாலும் நொந்த தாய்க்கு எஞ்சிய ஒரே ஆறுதல் இந்த இளைய மகன். அவரோ இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, அண்ணனைக் கொன்றவர்களை எதிர்த்துப் போரிட விழைந்தார். தாயோடு இருந்தால் பயன் உறுதி. ஆனால் அது ஒரேயொரு உயிருக்கு. படையில் சேர்ந்தால் பயன் ஒரு தேசத்துக்கு. ஆனால் அது கைகூடும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. வழியில் பிடிபடலாம், அல்லது ஏதேனும் ஓர் அலுவலகத்தில் தாள்களை நிரப்பிக்கொண்டு உட்காரவும் நேரலாம்.

சார்த்தர் சொன்ன விடை மிகச் சிறியது. நீர் சுதந்திரமானவர், நீரே தேர்ந்துகொள்ளும் என்பதே அதன் சாரம். இதைப் பாரிசில் 1945ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் நிகழ்த்திய உரையில் அவரே எடுத்துரைத்தார். அன்று கூட்டம் நெருக்கியடித்து நாற்காலிகள் முறிந்தன என்று கூறுவர். போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. போர்க்காலத்தில் ஒவ்வொரு பிரெஞ்சுக்காரரும், எதிர்ப்பதா, பணிவதா, பார்த்தும் பாராமல் இருப்பதா என ஏதோ ஒன்றைத் தேர்ந்தே வாழ்ந்திருந்தனர். மேலிடத்துக் கட்டளை, குடும்ப நிலை, காலத்தின் கோலம் என்று பழியைப் பிறர்மேல் சுமத்தியோர் பலர். அத்தகையோர் நடுவில், "உன் செயலுக்கு நீயே பொறுப்பு" என்றது அக்குரல்.

இக்கொள்கைக்கு இருத்தலியம் என்று பெயர். தமிழில் இதனை விரிவாக அறிமுகம் செய்த நூல் எஸ்.வி. ராஜதுரை 1970களில் எழுதிய 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்'. பெயர் அச்சுறுத்தினாலும் கருத்து எளிது. தச்சர் ஒரு கட்டிலைச் செய்யுமுன், அது எதற்கு, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். கட்டிலின் இயல்பு முன்னது, கட்டில் பின்னது. மனிதனுக்கோ அப்படி முன்கூட்டிய வரைபடம் ஏதுமில்லை என்றார் சார்த்தர். அவன் முதலில் இருக்கிறான். பின்னரே தன் செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறான். படைத்தவர் ஒருவர் உண்டு என விசுவசிக்கும் நாம் இவ்விடத்தில் அவரை விட்டுப் பிரிகிறோம். ஆயினும் படைத்தவர் நம்மைக் கட்டிலாகப் படைக்கவில்லை என்பதை நினைவிற்கொள்வது நன்று.

அந்த உரையில் கத்தோலிக்க வாசகரைச் சுருக்கெனத் தைக்கும் பகுதிகள் இரண்டு உண்டு. முதலாவது, ஆலோசனை பற்றியது. ஒரு குருவிடம் சென்று கேட்கலாமே என்பீர்கள். ஆனால் எந்தக் குருவிடம் செல்கிறீர்கள் என்பதிலேயே விடையைத் தேர்ந்துவிடுகிறீர்கள் என்கிறார் சார்த்தர். ஜெர்மானியரோடு ஒத்துப்போன குருக்களும் இருந்தனர். எதிர்த்து நின்ற குருக்களும் இருந்தனர். யாரை நாடுகிறோமோ, அவர் சொல்லப்போவதை நாம் முன்பே அறிவோம். நம் ஊரிலும் இதுதானே வழக்கம்? "போ" என்று சொல்லும் மாமாவிடமே மகன் யோசனை கேட்கிறான். "போகாதே" என்று சொல்லும் பெரியப்பாவிடமே தாய் முறையிடுகிறாள்.

இரண்டாவது, ஓர் இயேசு சபைத் துறவியைப் பற்றியது. சார்த்தர் 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு முகாமில் இருந்தபோது குருக்கள் சிலரோடு நெருங்கிப் பழகினார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சக கைதிகளுக்காக 'பரியோனா' என்னும் நாடகத்தை எழுதி, மூன்று ஞானிகளுள் ஒருவராகத் தாமே நடித்தார். தன் குழந்தையை நோக்கும் தேவதாயின் முகத்தை அந்நாடகம் விவரிக்கும் பகுதி, நாத்திகர் எழுதியது என்று நம்பவியலாத அளவு கனிவானது. சிறையில் அவர் அறிந்த அத்துறவியின் வரலாறோ தோல்விகளின் அடுக்கு. சிறுவயதில் தந்தையை இழந்து வறுமை. உதவிப் பணத்தில் படிப்பு. அதனால் அவமான உணர்வு. பதினெட்டு வயதில் காதல் தோல்வி. இருபத்திரண்டில் இராணுவத் தேர்விலும் தோல்வி. உலக வெற்றி தமக்கு உரியதன்று, இறைவன் தம்மைத் துறவறத்துக்கு அழைக்கிறார் என்று அவர் பொருள்கொண்டார். அந்த அடையாளங்களுக்கு அப்பொருளைக் கொடுத்தவர் அவரேயன்றி வேறு யார் என்பது சார்த்தரின் கேள்வி. அதே தோல்விகளைக் கண்ட மற்றொருவர் தச்சராகவோ புரட்சிக்காரராகவோ ஆகியிருக்கலாம் அல்லவா?

இதைப் படித்தபோது மதுரை மண்ணோடு பிணைந்த வேறொரு வரலாறு நம் நினைவில் எழுந்தது. ஓரியூரில் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் வீரமரணம் எய்திய புனித அருளானந்தரை அறியாத கத்தோலிக்கர் இப்பகுதியில் இலர். ஜான் தெ பிரிட்டோ என்னும் இயற்பெயரோடு 1647இல் லிஸ்பனில் பிறந்த அவர், பிள்ளைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். சிறுவயதில் கடும் நோயுற்றபோது, புனித சவேரியாரிடம் மன்றாடிய அன்னை, பிள்ளை பிழைத்ததும் நேர்ச்சையாக ஓராண்டு அவருக்கு இயேசு சபை உடையை அணிவித்தார் என்பது வரலாறு. அதே பிள்ளை வளர்ந்து, அதே சபையில் சேர்ந்து, அதே சவேரியார் சென்ற இந்தியாவுக்குப் புறப்படுகிறேன் என்றபோது அன்னை என்ன செய்தார்? தடுத்தார்! தம் குடும்பத்துக்கு இருந்த செல்வாக்கையெல்லாம் திரட்டி, அவரை அனுப்பாதிருக்குமாறு மேலிடங்களில் மன்றாடினார். மகன் இணங்கவில்லை, 1673இல் கப்பலேறினார்.

புனிதர் வரலாறுகளில் இப்பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அவ்வன்னையின் எதிர்ப்பை இறைத்திட்டத்தின் முன் வந்த சிறு தடையாக எண்ணுகிறோம். சார்த்தரின் கண்ணாடியை ஒரு கணம் அணிந்து பார்த்தால் காட்சி மாறுகிறது. நேர்ச்சை உடையை அணிவித்தவர் அன்னை. அவரைப் பொறுத்தவரை அந்த அடையாளத்தின் பொருள் நன்றிக்கடன், அதுவும் ஓராண்டோடு முடிந்துவிட்டது. மகனுக்கோ அது ஆயுள் முழுமைக்குமான அழைப்பு. ஒரே உடை; இரண்டு பொருள். இறைவன் அழைக்கிறார் என்பதை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அந்த அழைப்புக்கு "ஆம்" என்று சொல்லும் வாய் அவரவர் வாய்தான். அதை அன்னையும் சொல்லித்தர இயலாது, அன்னையும் தடுத்துவிட இயலாது. அருளானந்தர் 1687இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது, அங்கேயே தங்கிவிடுமாறு போர்த்துக்கல் மன்னர் விரும்பினார். மீண்டும் தேர்வு, மீண்டும் கப்பல். அவர் மாண்ட செய்தி எட்டியபோது அவ்வன்னை துக்க உடை தவிர்த்து, விழாக்கோலத்தில் அரசவைக்கு வந்தார் என்று மரபு கூறும். இருபது ஆண்டுகளுக்கு முன் தடுத்த அன்னை அவர். இடைப்பட்ட காலத்தில் அவர் உள்ளத்தில் நடந்ததை எவரும் எழுதிவைக்கவில்லை. மகனின் சுதந்திரத்தைப் போலவே அதுவும் ஒரு தேர்வு என்று நாம் கருதுகிறோம்.

இங்கேதான் சார்த்தரிடம் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. அவருடைய எடுத்துக்காட்டில் மகன் பேசுகிறார், ஆசிரியர் பேசுகிறார், கற்பனைக் குருக்களும் பேசுகின்றனர். தாய் மட்டும் வாய் திறப்பதில்லை. "அம்மா, நான் போகட்டுமா? போனால் உங்களால் தாங்க முடியுமா?" என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. மூத்த மகனைப் பறிகொடுத்த அத்தாய், "போ, உன் அண்ணனுக்காகப் போ" என்று சொல்லியிருக்கக்கூடும்! எடையிட்டுப் பார்க்கப்படும் ஒரு பொருளாகவே அவர் அந்த உரையில் இருக்கிறார். சார்த்தரின் சொந்த வாழ்வோ வேறுவிதம். ஒன்றரை வயது நிரம்புமுன்பே தந்தையை இழந்த அவர், அந்த உரைக்கு மறு ஆண்டான 1946இல் தம் தாயோடு ஒரே வீட்டில் குடியேறி, 1962 வரை அங்கேயே வாழ்ந்தார். உலகமெங்கும் விவாதிக்கப்பட்ட சுதந்திர சிந்தனையாளர், நாற்பது வயதைக் கடந்தபின் தாயின் வீட்டில்! இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அவருடைய ஏட்டைக் காட்டிலும் அவருடைய வீடு நமக்கு நெருக்கமாகத் தெரிகிறது என்றே சொல்லவந்தோம்.

தாயைக் கேளாமலே தாய்க்காக முடிவெடுக்கும் பழக்கம் நம்மிடம் மிகுதி. பழங்காநத்தத்தில் நாம் அறிந்த ஒரு வீட்டில், கணவரை இழந்த மூதாட்டியார் ஆறு மாதம் சென்னையில் மூத்தவனோடும் ஆறு மாதம் பெங்களூரில் இளையவனோடும் இருப்பதென்று பிள்ளைகள் தீர்மானித்தனர். அன்பின் மிகுதியால் செய்த ஏற்பாடுதான். பயணச்சீட்டும் வாங்கியாயிற்று. பேத்தி ஒருத்தி விளையாட்டாக, "பாட்டி, உங்களுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டபோதுதான் விடை வெளிவந்தது: "இந்தத் தெருவிலேதான். எனக்குத் தெரிந்த காய்க்காரி இங்கேதான் வருகிறாள்." மகன்கள் போவதில் அவருக்கு வருத்தமில்லை, தாம் போவதிலேதான் வருத்தம். ஆறு மாதமாக நடந்த விவாதத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி அது.

பிரான்சிலேயே சார்த்தருக்கு மறுமொழி கூறிய ஒருவர் உண்டு. அவர் கபிரியேல் மார்செல். நாலு வயது நிரம்புமுன் தாயை இழந்தவர். எவ்விதச் சமயமும் இல்லாத வீட்டில் வளர்ந்து, தமது முப்பத்தொன்பதாம் வயதில், 1929இல், கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர். முதல் உலகப் போரில் காணாமற்போன படைவீரரைப் பற்றித் தகவல் சேகரிக்கும் செஞ்சிலுவைச் சங்கப் பணி அவருக்கு வாய்த்தது. ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் அட்டை. அதில் பெயர், எண், படைப்பிரிவு. ஆனால் நேரில் வந்து நின்றவர்களோ தாய்மாரும் மனைவியரும். அவர்கள் கேட்டது அட்டையில் இருந்த எண்ணை அன்று, தங்கள் பிள்ளையை. மனிதனைத் தகவலாகவோ, தீர்க்கவேண்டிய கணக்காகவோ பார்ப்பது எவ்வளவு பெரிய பிழை என்று தமக்கு உணர்த்தியது அந்த அலுவலகமே என்று அவர் பின்னர் கூறினார்.

மார்செல் முன்வைத்த எடுத்துக்காட்டு இது. நோயுற்ற நண்பரைக் காணச் செல்கிறோம். மனம் இளகி, "விரைவில் மீண்டும் வருவேன்" என்று வாக்களிக்கிறோம். ஒரு வாரம் கழிகிறது. அந்த இளக்கம் போய்விட்டது. இப்போது செல்வது பொய்யான நடிப்பா? செல்லாதிருப்பது வாக்குத் தவறுதலா? இந்த நிமிடத்து உணர்வுதான் உண்மை என்றால், எந்த வாக்குறுதியும் கொடுக்கவே கூடாது. திருமணமும் இல்லை, துறவறமும் இல்லை. மார்செல் வேறொன்று சொன்னார். வாக்கு என்பது வளையாத இரும்புக் கம்பி அன்று. நாளும் புதிதாக்கப்படவேண்டிய உறவு. பிறருக்காக நம்மைத் திறந்துவைப்பதே சுதந்திரத்தின் உயர்ந்த பயன். இதன்படி தாயை விட்டுச் செல்பவன் தாயைத் துறந்தவனும் அல்லன். அருகிலேயே இருப்பவன் அதனாலேயே உடனிருப்பவனும் அல்லன். ஒரே கூடத்தில் அமர்ந்து கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் மகனைக் காட்டிலும், கடல் கடந்து இருந்தும் தாயின் கண் அறுவைச் சிகிச்சை நாளை மறவாத மகன் அருகில் இருக்கிறான் அன்றோ?

திருச்சபை இச்சிந்தனையாளர்களை முதலில் கடுமையாகவே எதிர்கொண்டது. சார்த்தரின் நூல்கள் அனைத்தும் 1948இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்பட்டியலே 1966இல் வழக்கொழிந்தது. இடையில் வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். இன்றைய உலகில் திருச்சபை பற்றி அச்சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, மனிதன் குருட்டு உந்துதலாலோ வெளியிலிருந்து வரும் வற்புறுத்தலாலோ அன்றி, அறிந்து, விரும்பி, சுதந்திரமாகச் செயல்படவேண்டும் என்கிறது. நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு என அதே ஏடு ஒப்புக்கொள்வதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. வெளி வற்புறுத்தல் என்றவுடன் நாம் சர்வாதிகாரிகளையே நினைக்கிறோம். வரன் பார்க்கும் நாளில் மகளின் தலைக்கு மேலாக நாம் பரிமாறிக்கொள்ளும் பார்வைகளை நினைப்பதில்லை.

பெண்ணின் சுதந்திரத்தைப் பற்றி எழுதிப் புகழும் எதிர்ப்பும் ஒருங்கே பெற்ற சிமோன் த பொவ்வார், தம் தாயின் இறுதி நாட்களைப் பற்றி 1964இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தாயார் பக்தி மிகுந்த கத்தோலிக்கர். மகளோ பதின்பருவத்திலேயே விசுவாசத்தை விட்டவர். இருவருக்குமிடையே பல ஆண்டு இடைவெளி. 1963இல் தாயார் குளியலறையில் விழுந்து தொடை எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தபோது, உள்ளே புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவரும் மகள்களும் அதை அவரிடம் மறைத்துவிட்டனர். மனிதன் தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எழுதிய பெண்மணி, தம் தாயின் சாவைத் தாயிடமே மறைக்க உடன்பட்டார். அந்த முரண் தம்மை உறுத்தியதையும் ஒளிக்காமல் எழுதினார். "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று தாழ்வாரத்தில் நின்று கெஞ்சியிருக்கும் நம்மில் பலருக்கு அந்நூல் அந்நியமாகத் தோன்றாது.

அந்நியம் என்றவுடன் ஆல்பெர் காம்யுவின் நாவல் நினைவுக்கு வருகிறது. 1942இல் பிரெஞ்சில் வெளிவந்த அது, வெ. ஸ்ரீராம் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்க, 'அந்நியன்' என்னும் பெயரில் 1980இல் தமிழுக்கு வந்தது. தாயை முதியோர் இல்லத்தில் சேர்த்த ஒருவன், அவர் இறந்தபோது அழவில்லை. பின்னர் அவன் ஒரு கொலை செய்கிறான். வழக்கு மன்றத்தில் கொலையைக் காட்டிலும் அந்த அழாத கண்களே பெரிதாகப் பேசப்படுகின்றன. அதற்காகவே மரண தண்டனை பெறுகிறானோ என்று நாம் எண்ணுமளவுக்கு. இழவு வீட்டில் யார் அழுதார், யார் அழவில்லை என்று கணக்கெடுக்கும் நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மாரடித்து ஒப்பாரி வைத்தவர் மறுவாரமே சொத்துக்கு வழக்காடியதையும், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மருமகள் ஏழாண்டுக்காலம் படுக்கையைச் சுத்தம் செய்ததையும் நாம் கண்டிருக்கிறோம்.

காம்யு கடவுளை ஏற்றவர் அல்லர். ஆனால் தாயைப் பற்றி அவருக்கு ஐயமே இருந்ததில்லை. பிறந்த மறு ஆண்டே, 1914இல், தந்தை போரில் மாண்டார். அல்ஜீரியாவின் எளிய குடியிருப்பு ஒன்றில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாய்க்குச் செவிப்புலன் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாது. பையனை வேலைக்கு அனுப்பாமல் மேற்படிப்புக்கு அனுப்புமாறு வீட்டாரை இசைவித்தவர் லூயி ஜெர்மேன் என்னும் ஆசிரியர். 1957இல் நோபல் பரிசு கிடைத்தபோது, தாய்க்கு அடுத்தபடியாகத் தாம் நினைத்தது அவரையே என்று காம்யு அவருக்குக் கடிதம் எழுதினார். பரிசு பெறச் சென்ற ஸ்டாக்ஹோமில், அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி இளைஞர் ஒருவர் அவரை மடக்கிக் கேட்டார். அல்ஜியர்ஸ் நகர டிராம் வண்டிகளில் குண்டு வைக்கிறார்கள், அதில் ஒன்றில் என் தாய் இருக்கலாம், அதுதான் நீதி என்றால் எனக்கு என் தாயே மேல் என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். அதற்காக அவரைத் தூற்றியவர் பலர். நீதியையும் தாயையும் எதிரெதிரே நிறுத்தலாமா என்று நாமும் கேட்கலாம். ஆனால் சார்த்தரின் மாணவருக்குக் கிடைக்காத ஒன்று அந்த விடையில் இருந்தது: டிராம் வண்டியில் அமர்ந்திருக்கும் ஒரு முகம்.

1960ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் கார் விபத்தில் காம்யு மாண்டார். அவருடைய பையில் முற்றுப்பெறாத கையெழுத்துப்படி ஒன்று இருந்தது. தந்தையற்ற மகனையும் பேசாத தாயையும் பற்றிய அந்நாவல் 1994இல்தான் அச்சேறியது. 'முதல் மனிதன்' என்று ஸ்ரீராமே அதையும் தமிழாக்கியுள்ளார். அதனை வாசிக்கவே இயலாத தம் தாய்க்கு அதை அவர் உரித்தாக்கியிருந்தார். தாயின் பெயரோடு அங்கே ஒரு சொல்லையும் சேர்த்து எழுதியிருந்தார். நம்மவர் தேவதாயைக் குறித்தும் வழங்கும் சொல் அது: பரிந்து பேசுபவர். அத்தாய் மகனுக்குப் பின் எட்டு மாதங்களே வாழ்ந்தார்.